ஒன்பது கால், ஒன்பது ஸ்க்ரூ

"கழட்டிருவோம்" என்பார் அக்கா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோபத்தில் சொல்லமாட்டார். அலுப்பிலும் சொல்லமாட்டார். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்கிற குரல் அது. ஒரு மணி நேரம் மெனக்கெட்டுப் பூட்டிய ஒன்றை, எதிரில் இருப்பவன் அப்பாடா என்று நிமிர்கிற அதே நொடியில், தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொல்வார். நிமிர்ந்த முதுகு மறுபடியும் வளையும். ஸ்க்ரூ எல்லாம் திரும்பவும் பழைய மைலோ டின் மூடிக்குள் விழும். டிங், டிங், டிங். அந்தச் சத்தம் இப்போதும் காதில் விழுந்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் அவர் மூன்றாம் மாடி, நான் ஐந்தாம் மாடி. என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நாற்பத்தைந்து வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட்ட ஒரே ஆள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில், போர்டு பரிசோதிக்கும் வரிசையில் பதினேழு வருஷம் உட்கார்ந்திருந்தவர். பெல்ட்டில் வரும் பச்சைப் பலகைகளைப் புரட்டிப் பார்த்து, நல்லதை இந்தப் பக்கமும் கெட்டதை அந்தப் பக்கமும் தள்ளுவது வேலை. ஒரு நாள் தொழிற்சாலையே வேறு நாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டது. அவர் கண் மட்டும் அந்த வரிசையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

எதைப் பார்த்தாலும் புரட்டுவார். பாசாரில் கத்திரிக்காயைப் புரட்டுவது எல்லோரும் செய்வதுதான். அவர் ரசீதையும் புரட்டுவார், கல்யாணக் கார்டையும் புரட்டுவார். கிரில் கதவைப் பூட்டிவிட்டு லிப்ட்வரை வந்து, லிப்ட் கதவு திறந்த பிறகு திரும்பிப் போய் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாங்கள் உள்ளே நின்று பட்டனை அமுக்கிக்கொண்டிருப்போம். ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்துக்குப் போகும் அவசரத்தில் சேலை கட்டி, மடிப்பெல்லாம் ஒழுங்காக விழுந்து, கீழே கார் பார்க் வரைக்கும் வந்தவர், ஒரு மடிப்பு திரும்பியிருக்கிறது என்று மூன்று மாடி ஏறிப்போய் முழுச் சேலையையும் அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வந்ததை என் மனைவி பார்த்திருக்கிறாள்.

"ஒரு மடிப்பதானக்கா இழுத்து விட்டா போதாதா?" என்று கேட்டாளாம்.

"ஒண்ண இழுத்தா பக்கத்துல உள்ளது கோணும்மா. அதுக்கு மொத்தமா அவுக்குறதே சுளுவு."

ஒரு பொங்கலுக்குக் கார் பார்க்கில் கூடாரம் போட்டோம். இரும்புக் கால், மேலே நீலத் துணி. பானை ஏறிவிட்டது, பால் சூடாகிக்கொண்டிருக்கிறது. சிலுவை மாட்டிய வீடு என்றாலும் பொங்கலுக்குக் கரும்பு கட்ட முதலில் இறங்கி வருகிறவர் அக்காதான். கட்டி முடித்துவிட்டுக் கூடாரத்தின் மூலைக் காலைச் செருப்பு நுனியால் தட்டினார்.

"இது சரியா உக்காரல."

"உக்காரலன்னா நிக்கட்டும்க்கா, கூடாரம்தானே" என்றார் இரண்டாம் மாடி அங்கிள். எல்லோரும் சிரித்தோம்.

"கழட்டிருவோம்."

கழற்றினோம். கொதிக்கிற பானைக்குமேல் துணி இல்லை. பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார்கள். பால் பொங்கும்போது கூடாரம் பாதி தரையில் கிடந்தது. அன்றைக்கு முழுக்க ஒரு காற்றுகூட அடிக்கவில்லை.

அதுதான் அவரிடம் ஆகாத விஷயம். அவர் கழற்றிப் பூட்டிய எதுவும் விழுந்ததில்லை. ஆனால் கழற்றாமல் விட்டிருந்தால் விழுந்திருக்குமா என்று யாருக்கும் தெரிந்ததுமில்லை. நம் பொறுமை செலவானது மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

வீட்டு ஹாலில் நீள மேசை போட்டு, கேட்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கை செய்கிற வேலையை முதன்முதலாக நான் உட்கார்ந்து பார்த்தது பக்கத்து ஊர் மேருவில் தொழிற்சாலை சூப்பர்வைசராக இருந்த ஒருவரின் பெட்டியைத் திறந்தபோது. எங்கள் மாடிக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் தினமும் டீ குடிக்கிற ஆள் அவர். சொந்தமாகப் பாகங்கள் வாங்கி, சொந்தமாகப் பூட்டி, பட்டனை அமுக்கினால் காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறதாம். காட்டிய கடையிலெல்லாம் மதர்போர்டு செத்துவிட்டது என்றார்கள். நாலு மாதமாகப் பெட்டியைக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

அக்கா பெட்டியைத் துண்டின்மேல் படுக்க வைத்தார். இரண்டு பக்க மூடியையும் கழற்றினார். எல்லாரும் திறக்கிற மூடி ஒன்று. போர்டுக்கு முதுகுப்பக்கம், யாருமே திறக்காத மூடி இன்னொன்று. அப்புறம் ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்து, போர்டை ஓரம் பிடித்துத் தூக்கினார். கீழே பெட்டியின் இரும்புத் தகட்டில் குட்டிக் குட்டிப் பித்தளைக் கால்கள் நின்றன. போர்டு இரும்பைத் தொடாமல் தூக்கிப் பிடிப்பது அந்தக் கால்கள்தான். விரல் வைத்து எண்ணினார்.

"பத்து இருக்கு பாஸ்."

"இருக்கட்டும், ஒண்ணு கூட இருந்தா ஸ்ட்ராங்தானே?"

"போர்டுல ஓட்ட ஒன்பதுதான். பத்தாவது காலு எங்க முட்டிக்கிட்டு நிக்கிது, பாருங்க." போர்டைப் புரட்டிக் காட்டினார். முதுகெல்லாம் ஈயப் புள்ளிகள், முள்முள்ளாக. "இந்தப் பக்கம் எதும் தொடக்கூடாது. ஒண்ணும். கரண்டு ஓடுற முதுகு இது. தொட்டா அது எங்க போகணுமோ அங்க போகாது."

பத்தாவது காலை உருவி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். சூப்பர்வைசர் அதை ஒரு மூக்குத்தி மாதிரி விரலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பூட்டுகிற வேலையில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பின்பக்க ஜன்னல் தகடு. அதை மறந்துவிட்டுப் போர்டை இறக்குகிறவர்கள்தான் உலகத்தில் பாதிப்பேர் என்பார். பிறகு போர்டைச் சாய்வாகக் கொண்டுபோய், அதன் வாயெல்லாம் தகட்டின் ஓட்டைகளில் சேர்கிறதா என்று பார்த்து, மெதுவாகக் கீழே விடுவார். அமுக்கமாட்டார். "அமுக்குனா உக்காந்த மாதிரி காட்டும். அதுவா உக்காரணும்." நடு ஸ்க்ரூ முதலில். எல்லாவற்றையும் பாதிவரை மட்டும். ஒன்பதும் வாய் பிடித்த பிறகு, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குவார். ஸ்க்ரூ நின்ற இடத்தில் கையும் நிற்கும். அதற்குமேல் ஒரு நூல்கூட முறுக்கமாட்டார்.

கடைசியில் யாரும் திறக்காத அந்த மூடியின் உள்பக்கத்தில் மஞ்சள் டேப் ஒரு துண்டு ஒட்டி, பென்சிலால் எழுதுவார். கால் 9, ஸ்க்ரூ 9.

"இத யாருக்கா படிக்கப் போறா?" என்று கேட்டேன்.

"அடுத்து கழட்டுறவங்க."

காற்றாடி முழுச் சுற்றுச் சுற்றியது. சூப்பர்வைசர் அன்றிலிருந்து மேரு முழுக்க அக்கா பெயரைச் சொல்லித் திரிந்தார். அவர் வாயால் வந்த பெட்டிகளே வாரத்துக்கு இரண்டு இருக்கும்.

என் பெட்டி வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

பிரிக்பீல்ட்சில் ஒரு அச்சகத்தில் கல்யாணக் கார்டும் கோயில் நோட்டீசும் பக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி கடையை மூடினார். அதோடு என் பகல்கள் கையில் வந்து விழுந்தன, என்ன செய்வதென்று தெரியாத பொருளாக. மனைவி கிளினிக் கவுண்டரில் வேலைக்குப் போய்வந்தாள். ஏழு மாதம் அவள் டிபன்கேரியரை நான் கழுவி வைத்தேன். அப்போது பெட்டாலிங் ஜெயாவிலிருந்து அழைப்பு வந்தது. தொலைக்காட்சித் தொடர்களுக்கு அடிவரி எழுதும் அலுவலகம் அது. மலாய் மொழியில் பேசுவதைத் தமிழில், இரண்டு வரிக்குள், படிக்கிறவர் மூச்சு விடுவதற்குள் எழுத வேண்டும். எனக்கென்றே செய்து வைத்த வேலைபோல இருந்தது. ஆறு பாகம் பரீட்சைக்காகக் கொடுத்தார்கள். அடுத்த புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் மாதா மாதம் நிரந்தரமாக வேலை.

அவர்கள் கொடுத்த மென்பொருளைத் திறந்தால் என் பழைய லேப்டாப் அப்படியே உறைந்து நின்றது. பாகங்களைக் கோலாலம்பூர் போய் வாங்கிவந்தேன். வெள்ளிக்கிழமை காலை அக்கா என் வீட்டுக்கே ஏறி வந்தார், மைலோ டின் மூடியோடு.

பத்து மணிக்கு ஆரம்பித்தார். பதினொன்றேகாலுக்குப் போர்டு உட்கார்ந்தது, ஒன்பது ஸ்க்ரூவும் இறுகியது. நான் நிமிர்ந்தேன். அக்கா டார்ச்சை அடித்துப் பார்த்தார். பின்தகட்டின் ஒரு தகர நாக்கு, நெட்வொர்க் வயர் செருகும் ஓட்டைக்குள் வளைந்து போயிருந்தது.

"கழட்டிருவோம்."

டிங், டிங், டிங்.

இரண்டாவது தடவை ஒரு பித்தளைக் கால் ஸ்க்ரூவோடு சேர்ந்தே சுற்றியது. அது நியாயம். மூன்றாவது தடவை என்ன என்று கேளுங்கள். ஒரு ஸ்க்ரூ உள்ளே போகிறபோது சத்தம் வித்தியாசமாக இருந்ததாம்.

"சத்தமாக்கா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"எனக்குக் கேட்டிச்சிலா தம்பி."

மணி இரண்டரை. ஆறு பாகம், ஒரு பாகத்துக்கு ஒரு நாள் வேண்டும், மீதி இருப்பதே ஐந்து நாள். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே போர்டை வெளியில் எடுத்து, புரட்டி, முதுகை டார்ச்சில் ஒவ்வொரு விரல்கடையாகப் பார்த்து, அது வந்த அட்டைப்பெட்டியின்மேல் கவிழ்த்து வைத்தார். அந்நேரம் பார்த்து மூன்றாம் மாடியிலிருந்து அக்காவின் தங்கச்சி போன் செய்தார், செமினி ஊரிலிருந்து வந்து கதவுக்கு வெளியே நிற்கிறாராம். "இருபது நிமிசத்துல வந்துர்றேன். தொடாதீங்க" என்று இறங்கிப்போனார்.

நான் தொட்டேன்.

என்ன சொல்லி விளக்க. புதுக் கார் வாங்கினால் பொட்டு வைக்கிறோம். தையல் மிஷினுக்கு வைக்கிறோம், பிரிட்ஜுக்கு வைக்கிறோம். வெள்ளிக்கிழமை, மூன்று தடவை தட்டிப்போன காரியம், ஏழு மாதம் காத்திருந்த வேலை. சாமி அலமாரியில் காலையில் மனைவி குழைத்த சந்தனம் கிண்ணத்தில் ஈரமாக இருந்தது. பெட்டிக்கு வைத்திருக்கலாம். ஆனால் பெட்டி வெறும் தகரம், உயிர் இருப்பது போர்டில்தானே என்று தோன்றியது. முன்பக்கம் வைத்தால் அக்கா பார்ப்பார், சிரிப்பார். முதுகு சும்மா கிடந்தது. மோதிரவிரலால் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். வீட்டுக் காற்றாடியை ஐந்தில் வைத்தேன். காய்ந்து ஒட்டிக்கொண்டது. பிறகு போர்டைப் புரட்டி முகம் மேலே தெரியும்படி வைத்தேன்.

எதுவும் தொடக்கூடாத முதுகு என்று எனக்குத் தெரியும். பத்தாவது காலை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அது பித்தளை. இது சந்தனம். மனம் அப்படித்தான் கணக்குப் போட்டது.

அக்கா வந்து நின்றார். போர்டைப் பார்த்தார்.

"நான் கவுத்துதான வெச்சிட்டுப் போனேன்?"

"தெரியலக்கா. ஃபேன் காத்துக்குத் திரும்பியிருக்கும்."

"காத்துக்குப் போர்டு திரும்புமா தம்பி?"

அவர் கை போர்டின் ஓரத்துக்குப் போனது, புரட்டுவதற்கு. நான் இடையில் விழுந்தேன். "அக்கா, மணி மூணு. இன்னிக்கி நான் உக்காந்தாதான் உண்டு. இந்த ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, சந்தேகப்படாம மூடுங்கக்கா. ப்ளீஸ்லா. உங்களால ஒரு மனுசன் பொழப்பு கெடணுமா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் போர்டை அப்படியே, முகம் மேலாக, சாய்த்து இறக்கினார். நடு ஸ்க்ரூ. மூலைக்கு மூலை. மூன்றே முக்காலுக்குக் காற்றாடி சுற்றியது. அவரைத் தெரிந்த இத்தனை வருஷத்தில் மனதில் சந்தேகத்தோடு அவர் ஒரு மூடியை மூடியது அந்த ஒரு தடவைதான். என் அவசரத்துக்காக.

சனி, ஞாயிறு, திங்கள். வெயில் கொளுத்தியது, இயந்திரம் ஓடியது. நாலு பாகம் முடித்தேன். அடிவரிகள் என் விரலிலிருந்து தாமாக வந்து உட்கார்ந்தன. கழுத்து வலித்தது, சந்தோஷமாக வலித்தது.

செவ்வாய் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. கிள்ளானில் இடி இடித்தால் எல்லா வீட்டிலும் செய்வதைச் செய்தேன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தேன். மழை விடவில்லை. சுவர் வியர்த்தது, உப்பு ஜாடியில் உப்பு கசிந்தது. இடி ஓய்ந்து பிளக்கைச் செருகி பட்டனை அமுக்கினேன்.

காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

மறுபடி. அரைச் சுற்று. மறுபடி. ஒரு பட்டனை மனிதன் எத்தனை விதமாக அமுக்க முடியுமோ அத்தனை விதமாக அமுக்கினேன். மெதுவாக, சட்டென்று, கெஞ்சிக்கொண்டு, திட்டிக்கொண்டு. முடித்த நாலு பாகமும் அதற்குள் கிடந்தன. முதுகில் ஒட்டிய சந்தனமும் இந்த ஈரத்தைக் குடித்திருக்குமோ என்று தோன்றியது. அதை உடனே தள்ளிவிட்டேன்.

அக்கா அன்றைக்குத் தங்கச்சியோடு செமினியில் இருந்தார். புதன் காலை ஒன்பதுக்கு ஈரக் குடையோடு வந்து நின்றார்.

"சுவிட்சு மட்டும் பாருங்கக்கா. வயர் மட்டும் பாருங்க. முழுசா வேணாம்."

"கழட்டிருவோம் தம்பி."

"அஞ்சு மணிக்கு அனுப்பணும்க்கா!"

அவர் மூடியைக் கழற்றினார், ஒவ்வொரு வயராக எடுத்தார். ஒன்பது ஸ்க்ரூ டின்னில் விழுந்தது. போர்டின் ஓரத்தில் கையை வைத்தவர், தூக்குவதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கீழ போயி ரெண்டு டீ புங்குஸ் பண்ணிட்டு வாங்க. அவசரமில்ல."

நான் போனேன். எனக்கே தெரியும், நான் ஓடினேன்.

பிளாஸ்டிக் பையில் கட்டிய டீ இரண்டும் விரலில் தொங்க, லிப்டுக்குக் காத்திராமல் படியேறித் திரும்பி வந்தபோது ஹாலில் ஸ்பிரிட் வாசம் அடித்தது. ஊசி போடுகிறபோது துடைக்கிற அந்த வாசம். போர்டு மீண்டும் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. அக்கா தலைமுடி காய வைக்கும் இயந்திரத்தைக் குறைந்த சூட்டில் வைத்து, எதையோ காய வைத்துக்கொண்டிருந்தார். மனைவி வேலைக்குக் கிளம்பிக் கதவருகே நின்றிருந்தாள்.

"என்னாக்கா ஆச்சு?"

"என் தப்புதான். வெள்ளிக்கிழம முதுகப் பாக்காம மூடிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் டீயை மேசையில் வைத்தேன். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் மூன்று சொல்தான். வாய்வரைக்கும் வந்ததா என்றுகூட நினைவில்லை.

இன்னும் காயவேண்டும் என்று அவர் பட்டனைத் தொட விட்டது ஒரு மணிக்கு. முழுச் சுற்று. இரண்டு பாகம் பாக்கி. ஐந்து மணிக்கு நான் ஐந்தாவது பாகத்தின் நடுவில் இருந்தேன். நள்ளிரவுக்குத்தான் அனுப்பினேன். மறுநாள் அந்த அலுவலகத்துப் பெண் அழைத்தாள், குரல் இனிப்பாக இருந்தது.

"சார், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நேத்தே ஒருத்தர எடுத்துட்டாங்க. அடுத்த தடவ பாப்போம் சார்."

போனை வைத்துவிட்டு மாடிப்படியில் இறங்கினேன். மூன்றாம் மாடியில் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"போச்சுக்கா. உங்களாலதான் போச்சு. ஆயிரம் தடவ கழட்டுவீங்க, பாக்க வேண்டியத மட்டும் பாக்கமாட்டீங்க."

அவர் கையில் இருந்த சட்டையை உதறினார். கொடியில் போட்டார். கிளிப் மாட்டினார். "வேற வேல வரும் தம்பி" என்றார்.

ஒரு சொல் திட்டியிருக்கலாம். "நீ வெச்ச பொட்டுதான்டா" என்று மாடிப்படியில் நின்று கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் நான் அன்றைக்கே உடைந்து விழுந்து பிறகு எழுந்திருப்பேன். அந்த மௌனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நான் டீக்கடைக்குக் கொண்டுபோனேன். சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார்.

"என்னா பாஸ், முகம் இப்படி இருக்கு?"

சொன்னேன். அக்கா பூட்டினார், நின்றுபோனது, தப்பு தன்னுடையது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

"அந்த அக்காவா? நம்பவே முடியல" என்றார். டீயை ஆற்றினார். "வயசாகுதுல்ல. கண்ணு தெரியலயோ என்னவோ."

"இருக்கும்" என்றேன் நான்.

அடுத்த மாதங்களில் மூன்றாம் மாடிக்கு ஏறும் பெட்டிகள் குறைந்தன. பிறகு நின்றன. கடந்துபோகிறபோது கிரில் வழியாகப் பார்ப்பேன். நீள மேசையில் காய்ந்த துணி மடித்து வைத்திருக்கும். அக்கா மட்டும் எப்போதும்போல, "கம்ப்யூட்டர் ஓடுதா தம்பி?" என்று கேட்பார். "ஓடுது, ஓடுது" என்று செருப்பைத் தேய்த்துக்கொண்டு போய்விடுவேன்.

வருஷக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு செமினிக்குத் தங்கச்சி வீட்டோடு போனார். லோரி கீழே நின்றபோது ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"எப்பவாவது சத்தம் கித்தம் வந்தா கழட்டிப் பாருங்க. பின்னாடி மூடியையும் கழட்டுங்க. யாரும் அதக் கழட்டமாட்டாங்க."

"சரிக்கா, சரிக்கா, லோரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான்."

அது நடந்து ஆறு வருஷம். அந்த இயந்திரம் ஒரு மழைக்கும் நிற்கவில்லை. வேறு வேலையும் வந்தது, அவர் சொன்ன மாதிரியே. பள்ளிப் பயிற்சிப் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுகிறேன், இதே பெட்டியில், இதே மேசையில்.

போன ஞாயிற்றுக்கிழமை காற்றாடி முனக ஆரம்பித்தது. தூசியாக இருக்கும் என்று பெட்டியைத் துண்டின்மேல் படுக்க வைத்தேன். முன்மூடியைக் கழற்றித் துடைத்தேன். முனகல் போகவில்லை. ஸ்க்ரூ டிரைவர் கையில் இருந்தது. பெட்டியைப் புரட்டி, ஆறு வருஷமாகத் தொடாத பின்மூடியின் இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்தேன். மூடி கையோடு வந்தது.

உள்பக்கம், நட்டநடு வெறும் தகரத்தில், போர்டுக்கும் வயருக்கும் எட்டாத இடத்தில், ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம், காய்ந்து கறுத்திருந்தது. உதிராமல் இருக்கக் கண்ணாடி டேப் ஒட்டி, நாலு ஓரமும் நகத்தால் தேய்த்து விட்டிருந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். வந்து குனிந்து பார்த்தாள்.

"அட, இங்கயா வெச்சாங்க?"

"உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கி நீங்க டீ வாங்கப் போனப்ப, கொஞ்சம் சந்தனம் இருக்காம்மான்னு கேட்டாங்க. கிண்ணத்தோட குடுத்தேன். நம்மள மாதிரி வெச்சு அவங்களுக்குப் பழக்கம் இல்லல்ல, எந்த வெரல்ல வெக்கணும்னு கேட்டாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே. அன்னிக்கி உங்க மூஞ்சியப் பாத்து யார் பேசுறது?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மூடியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. இன்னும் இருக்கிறது. அழித்துவிட்டுப் போயிருக்கலாம். இல்லை, முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். அழிக்கவும் இல்லாமல் கேட்கவும் இல்லாமல், எது தொட்டாலும் கெடாத இடமாகப் பார்த்து அதைக் கழற்றி மாட்டிவிட்டு, பழியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கிப்போகிற ஒரு மனுஷியை நான் என்ன செய்வது? செமினி நம்பர் போனில் இருக்கிறது. இந்த வாரத்தில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். இன்னும் அழைக்கவில்லை.

பொட்டுக்குக் கீழே மஞ்சள் டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. பென்சில் எழுத்து மங்கவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பிப் படித்தேன்.

கால் 9. ஸ்க்ரூ 9. பொட்டு 1.